வடிகாலில் ஓடும் தண்ணீர் என்ன சொல்கிறது: மழைநீர் அழுக்கை அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

வேளச்சேரிப் பக்கம் 24 வீடுகள் கொண்ட குடியிருப்பு எங்களுடையது. மழைநீர் சம்பந்தப்பட்ட வேலை எல்லாம் என் தலையில் விழுந்து எட்டு வருடம் ஆகிறது. முதல் இரண்டு வருடம் நான் கேட்டது ஒரே கேள்வி: தண்ணீர் ஓடுகிறதா, தேங்குகிறதா? ஓடினால் அன்றைக்குத் தூக்கம் வரும். ஓடுகிற தண்ணீர் என்ன நிறத்தில் இருக்கிறது, எங்கே போகிறது என்று பார்க்கத் தோன்றவே இல்லை.

சென்னையில் சாக்கடைக்கும் மழைநீருக்கும் தனித்தனிப் பாதை. சாக்கடை குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. அது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். மழைநீர் வடிகால் மாநகராட்சியின் பொறுப்பு; அதில் இறங்குவது எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் கூவத்துக்கோ அடையாற்றுக்கோ பக்கிங்காம் கால்வாய்க்கோ போய்ச் சேரும். எங்கள் பகுதித் தண்ணீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போகிறது. 2022ல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், இடம்பெற்ற இடம் அது. ஆக, வழியில் யாரும் பிடிக்காத அழுக்கு அங்கே போய்த்தான் தங்கும்.

வழியில் பிடிக்க என்ன இருக்கிறது? வண்டல் குழி, மணல் வடிகட்டி, உறைகிணறு, செடிப் பள்ளம் (செடி வைத்து மழைநீரை மண்ணில் இறங்கவிடும் பள்ளம்), குட்டை. எல்லாமே ஓடுகிற தண்ணீரின் வேகத்தைக் குறைக்கிற ஏற்பாடுகள். வேகம் குறைந்தால் கனமானது அடியில் படியும், மிதப்பது மேலே நிற்கும், மீதியை மணலும் மண்ணும் வேரும் பார்த்துக்கொள்ளும். எது வேலை செய்யவில்லை என்பதைத் தண்ணீரே காட்டிக்கொடுக்கும்.

தொடங்கும் முன்

மூடிய வடிகாலுக்குள்ளோ மேன்ஹோலுக்குள்ளோ தலையைக்கூட விடாதீர்கள். உள்ளே சேரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் அழுகிய முட்டை மாதிரி நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போய்விடும், அதுதான் ஆளைக் கொல்வது. கூலிக்கு ஆள் இறக்குவதும் கூடாது. பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் மனிதரை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கீழே நான் சொல்வதெல்லாம் வெளியிலிருந்து பார்த்தும், முகர்ந்தும், பாட்டிலில் பிடித்தும் செய்யக்கூடியவை. தேங்கிய நீரில் வெறுங்காலோடு இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் வரும்.

அறிகுறி: மழையே இல்லை, வடிகாலில் தண்ணீர் ஓடுகிறது

இதை முதலில் வைக்கக் காரணம், பாதிக்கு மேற்பட்ட பிரச்சினை இங்கேதான் முடிகிறது. மழை நின்று மூன்று நாள் ஆன பிறகும் வடிகாலில் ஓட்டம் இருந்தால் அது மழைநீர் கிடையாது. வேறு எங்கிருந்தோ வருகிறது.

உடனே சாக்கடை என்று முடிவுகட்ட வேண்டாம். நான்கு வாய்ப்பு உண்டு. ஏசி சொட்டும் நீர், உடைந்த குடிநீர்க் குழாய், ஐப்பசி கார்த்திகையில் நிலத்தடி நீர் உயர்ந்து சுவர் வழியே கசிவது, கடைசியாகச் சாக்கடை. ஏசி நீரில் வாடையும் இருக்காது, நுரையும் இருக்காது. குடிநீர்க் குழாய் உடைந்திருந்தால் தண்ணீர் விடும் நேரத்தில் மட்டும் ஓட்டம் கூடும். நிலத்தடிக் கசிவு இரவு பகல் ஒரே அளவில் வரும். சாக்கடைக்கு மட்டும் கடிகாரம் உண்டு. காலை 6 முதல் 9 வரை பெருகும், மதியம் இளைக்கும், மாலையில் மறுபடி வரும்.

நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை நம்பி ஏமாந்தவன் நான். சாக்கடைக்கும் அளவு அதிகம் காட்டும், எங்கள் ஊர் போர் தண்ணீருக்கும் அதிகம் காட்டும், எப்படிப் பிரிப்பது? அதைவிட மீன் தொட்டிக் கடையில் விற்கும் அமோனியா சோதனைச் சொட்டு உபயோகமானது. பச்சை நிறம் ஏற ஏறச் சிறுநீர், சாக்கடைக் கலப்பு என்ற சந்தேகம் வலுக்கும்.

எங்கள் கட்டடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வடிகால் முழுக்க நுரை. வாரநாளில் ஒன்றுமில்லை. எதிர்வீட்டுக்காரர் கார் கழுவுகிறார் என்று அவரிடம் சண்டை போடப் போனேன். நல்லவேளை, அவர் ஊரில் இல்லை. அப்புறம் பார்த்தால், பால்கனியில் வாஷிங் மெஷின் வைத்த மூன்று வீட்டுக்காரர்கள் அதன் குழாயைப் பக்கத்தில் இறங்கிய மொட்டை மாடி மழைநீர்க் குழாயில் சொருகியிருந்தார்கள். பிளம்பருக்கு அதுதான் கிட்டத்தில் இருந்த குழாய். எங்கள் வீடும் அந்த மூன்றில் ஒன்று என்பதை இங்கே மறைத்துவிடலாம்தான்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. சந்தேகப்படும் சிங்க்கிலோ பால்கனித் துளையிலோ சிட்டிகை கேசரிப் பவுடரை ஒரு பக்கெட் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். கீழே இருவர், ஒருவர் சாக்கடைச் சேம்பரிலும் ஒருவர் மழைநீர்ச் சேம்பரிலும் பார்க்க வேண்டும். ஆரஞ்சு எங்கே வருகிறதோ குழாய் அங்கே போகிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் பத்து நிமிடம் இடைவெளி விடுங்கள், இல்லையென்றால் யாருடைய ஆரஞ்சு என்று பஞ்சாயத்து வரும்.

உள்ளே எல்லாம் சரி, தெரு வடிகாலில்தான் ஓட்டம் என்றால் மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் கொடுங்கள். எந்த நேரம் ஓட்டம் அதிகம், எந்த இரண்டு மூடிகளுக்கு நடுவே தொடங்குகிறது என்று குறித்துக் கொடுத்தால் ‘எங்கள் வேலை இல்லை, அவர்கள் வேலை’ என்று தட்டிவிடுவது கொஞ்சம் கடினமாகும். கொஞ்சம்தான்.

அறிகுறி: மழை பெய்தால் தரைத்தள டாய்லெட் பொங்குகிறது

மேலே சொன்னதன் தலைகீழ். மொட்டை மாடிக் குழாயை யாரோ சாக்கடைச் சேம்பரில் சேர்த்திருக்கிறார்கள், அல்லது தெருவில் தேங்கிய நீரை வடிக்க யாரோ சாக்கடை மேன்ஹோல் மூடியைத் திறந்து விட்டிருக்கிறார்கள். சாக்கடைக் குழாய் வீட்டுக் கழிவுக்கான அளவில் போட்டது. 100 சதுர மீட்டர் மாடியில் ஒரு மணி நேரத்தில் 5 செ.மீ. மழை பெய்தால் 5,000 லிட்டர். அதை அது தாங்காது. வழிந்த சாக்கடை தெருவுக்கு வந்து அங்கிருந்து மழைநீர் வடிகாலில் இறங்கும். மாடிக் குழாயைப் பிரித்து மழைநீர்ப் பக்கம் மாற்றுவதுதான் தீர்வு. மேன்ஹோலைத் திறப்பவரிடம் பேசிப் பாருங்கள். முழங்கால் அளவு தண்ணீரில் நிற்பவர் கேட்பார் என்று உறுதி சொல்ல முடியாது.

அறிகுறி: தண்ணீர் டீ நிறத்திலோ செம்மண் நிறத்திலோ வருகிறது

ஒரு லிட்டர் பாட்டிலில் பிடித்து, அசைக்காமல் ஜன்னலோரம் வையுங்கள். இந்தச் சோதனைக்குச் செலவு கிடையாது, ஆனால் என்ன கட்ட வேண்டும் என்பதை இதுதான் தீர்மானிக்கும்.

ஒரு நிமிடத்துக்குள் அடியில் படிந்தால் மணல். வண்டல் குழி போதும். ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் தெளிந்தால் நுண்வண்டல். இதற்குத் தண்ணீர் சில மணி நேரம் நிற்கும் குட்டையோ தொட்டியோ வேண்டும். மறுநாள் காலையும் கலங்கலாகவே இருந்தால் களிமண் துகள். அது சும்மா நின்றால் படியாது. துகள்கள் ஒரே மின்னேற்றத்தோடு இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே மிதக்கும். நம் பாட்டிமார் குடத்தின் உட்புறம் தேற்றாங்கொட்டையை உரைத்ததும், படிகாரம் போட்டதும் இந்தத் தள்ளலை உடைத்துத் துகள்களை ஒட்ட வைக்கத்தான். தெரு அளவில் அதைச் செய்ய முடியாது; மண் வழியே மெதுவாக இறக்குவதுதான் வழி.

கணக்கும் இதையே சொல்கிறது. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு மணல், நின்ற நீரில் ஒரு மீட்டர் இறங்க ஏறத்தாழ இரண்டு நிமிடம். அதில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள வண்டலுக்குச் சுமார் மூன்று மணி நேரம். அதிலும் ஐந்தில் ஒரு பங்கான களித்துகளுக்கு மூன்று நாள்.

‘மண்தானே, மண் என்ன அழுக்கு’ என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. டயர் தேயும்போது வரும் துத்தநாகம், பிரேக்கிலிருந்து வரும் செம்பு, எண்ணெய்ப் பிசுக்கு, பாஸ்பரஸ் எல்லாம் நுண்துகள்களில் ஒட்டிக்கொண்டுதான் பயணம் செய்கின்றன. துகளைப் பிடித்தால் அதில் தொற்றியதும் பிடிபடும். அதனால்தான் மணலை மட்டும் பிடிக்கும் குழியைக் கட்டிவிட்டு நீர் சுத்தமாகிவிட்டது என்று சொல்ல முடியாது.

மூலத்தைத் தேடுங்கள். தெருவில் வீடு கட்டுகிறார்களா? எம்-சாண்ட் குவியல் வடிகால் வாயை ஒட்டிக் கிடக்கிறதா? குவியலை நகர்த்தி, தார்ப்பாய் போட்டு, சரிவின் கீழே மணல் மூட்டை அடுக்கச் சொல்லுங்கள். மழை இல்லாதபோதும் கலங்கல் நீர் வந்தால் அடித்தளம் தோண்டும் இடத்தில் மோட்டார் வைத்து இறைக்கிறார்கள் என்று அர்த்தம். அதை நேராக வடிகாலில் விடாமல் ஒரு தொட்டியில் தேக்கி மேல்நீரை மட்டும் விட வேண்டும்.

கட்டட வேலை எதுவும் இல்லையென்றால் உங்கள் வண்டல் குழியைப் பாருங்கள். வெளியேறும் குழாயின் வாய்க்குக் கீழே குறைந்தது ஒரு அடி ஆழம் இருக்கிறதா? எங்களுடையதில் குழியின் தரையும் குழாயும் ஒரே மட்டம். பெயர்தான் வண்டல் குழி. ஒரு பிடி மண் அதில் தங்கியதில்லை. ஆழம் இருந்தால், பாதி நிரம்பியதும் அள்ள வேண்டும். நிரம்பி வழியும் குழியில் அடுத்த கனமழை பழைய வண்டலையும் கிளப்பிக்கொண்டு போகும்.

அள்ளியதை எங்கே போடுகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். தூர்வாரி, அந்தத் தூரை வடிகால் ஓரமாகவே குவித்து, ‘காய்ந்ததும் எடுப்போம்’ என்று போய்விடுவார்கள். அதற்குள் மழை வந்து அதே குழிக்குள் அதைத் திருப்பிப் போட்டுவிடும். இந்த நாடகத்தை நான் ஐந்து முறை பார்த்துவிட்டேன்.

அறிகுறி: தண்ணீர் மேல் வானவில் படலம்

ஒரு குச்சியால் கலக்குங்கள். படலம் சுழன்று மறுபடி ஒன்றுசேர்ந்தால் எண்ணெய். கண்ணாடித் துண்டு மாதிரி உடைந்து தனித்தனியாக நின்றால் இரும்புச் சத்து நீரில் வளரும் பாக்டீரியாப் படலம். அதனால் கெடுதல் இல்லை.

எண்ணெய் என்றால் டூவீலர் நிறுத்தம், ஜெனரேட்டர் அறை, தெருமுனை மெக்கானிக் கடை என்ற வரிசையில் பாருங்கள். சிந்திய இடத்தில் மரத்தூளோ மணலோ போட்டு உறிஞ்சவிட்டுக் கூட்டி எடுங்கள். சோப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். சோப்பு எண்ணெயைச் சின்னச் சின்னத் துளியாக்கி நீரோடு கலந்துவிடும், அப்புறம் எந்தக் குழியாலும் பிடிக்க முடியாது.

நிரந்தரத் தீர்வு 300 ரூபாய்க்குள் முடியும். வண்டல் குழியிலிருந்து வெளியேறும் குழாயில் ஒரு எல்போ (வளைந்த குழாய்த் துண்டு) மாட்டி, வாயைக் கீழ்நோக்கி நீர்மட்டத்துக்கு அடியில் இருக்கும்படி வையுங்கள். எண்ணெயும் இலையும் பிளாஸ்டிக்கும் மேலே மிதந்து நிற்கும், நடுநீர் மட்டும் வெளியேறும். செப்டிக் டேங்கில் இருப்பதும் இதே வித்தைதான். மேலே நிற்பதை மாதம் ஒருமுறை எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பெருமழையில் மொத்தமும் போய்விடும்.

அறிகுறி: முதல் மழைக்குப் பிறகு கிணற்று நீர் நாறுகிறது

2003ல் தமிழ்நாடு அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. பல வீடுகளில் மாடிக் குழாயைக் கிணற்றிலோ போரிலோ விட்டதோடு வேலை முடிந்தது. கோடை முழுவதும் மாடியில் சேர்ந்த புறா எச்சம், தூசி, உதிர்ந்த இலை எல்லாவற்றையும் முதல் மழை துடைத்துக் கொண்டுவரும். அதை வெளியே விட வேண்டும்.

எவ்வளவு விடுவது? மாடியின் ஒவ்வொரு 100 சதுர மீட்டருக்கும், முதல் ஒரு மி.மீ. மழை என்றால் 100 லிட்டர். மாடி அழுக்காக இருந்தால் இரட்டிப்பாக்குங்கள். கடையில் முதல் மழை வடிப்பான் என்று 4 அங்குலக் குழாயைச் செங்குத்தாக மாட்டிக் கொடுப்பார்கள். அதில் மீட்டருக்கு 8 லிட்டர்தான் பிடிக்கும். மூன்று மீட்டர் குழாய் 24 லிட்டரில் நிரம்பிவிட, மீதி அழுக்கு கிணற்றுக்கு. ஒரு 200 லிட்டர் டிரம் வைப்பது அழகாக இருக்காது, ஆனால் கணக்கு சரியாக வரும். அடியில் சொட்டுவதற்கு ஒரு சின்னத் துளை இருக்கட்டும், அடுத்த மழைக்குள் தானே காலியாகும்.

இதோடு ஒன்று: தெரு நீரையோ பார்க்கிங் நீரையோ போருக்குள் நேராக விடவே கூடாது. கூரை நீர் மட்டும்தான் அங்கே போகலாம், அதுவும் வடிகட்டிய பிறகு. தரை நீரை மண் வழியே இறங்கவிடுங்கள். நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்தால் அதை வெளியே எடுக்க உங்கள் காலத்தில் முடியாது.

அறிகுறி: உறிஞ்சு குழியில், செடிப் பள்ளத்தில் நீர் இரண்டு நாளுக்கு மேல் நிற்கிறது

இரண்டு நாள் என்பதை எல்லையாக வையுங்கள். கொசு முட்டையிலிருந்து பறக்கும் வரை நம் வெயிலில் ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதற்கு நிறைய முன்பே நீர் இறங்கிவிட வேண்டும்.

முதலில் மேல் மணலைச் சுரண்டுங்கள். குழியில் மேலே பருமணல், நடுவே சின்ன ஜல்லி, அடியில் பெரிய கல் என்று இருந்தால் அடைப்பு பெரும்பாலும் மேல் இரண்டு அங்குலத்தில்தான். அந்தக் கறுப்பு மேலோட்டை எடுத்துப் புது மணல் போட்டால் மறுபடி குடிக்கத் தொடங்கும். அடைத்துக்கொண்டது என்றால் அது அழுக்கைப் பிடித்திருக்கிறது என்றுதான் பொருள், திட்டாதீர்கள். ஜல்லியை மேலே அழகுக்குப் பரப்பியவர்களுக்குத்தான் கஷ்டம், அழுக்கு அடிவரை இறங்கியிருக்கும், மொத்தத்தையும் தோண்ட வேண்டும்.

சுரண்டியும் இறங்கவில்லையா? பக்கத்தில் ஒரு அடிக் குழி தோண்டி நீர் நிரப்பி, அது இறங்கியதும் மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். ஒரு செ.மீ.கூடக் குறையாவிட்டால் களிமண். திருவான்மியூர், பெசன்ட் நகர் மணலில் நிமிடங்களில் இறங்குவது எங்கள் வேளச்சேரிக் களியில் நாள் கணக்கில் நிற்கும். அந்தப் பக்கத்துக் குழிகளின் படத்தைப் பார்த்து நாங்கள் கட்டிய முதல் குழி ஒரு சீசன் முழுக்கத் தவளை வளர்த்தது. களி நிலத்தில் மணலும் கொஞ்சம் மட்கும் கலந்த இரண்டு அடிப் படுகை போட்டு, அடியில் துளையிட்ட குழாய் வைத்து வடித்த நீரை வடிகாலில் விட வேண்டும். இறங்காவிட்டாலும் வடிகட்டப்படும்.

அந்தப் படுகையின் சக்திக்கு ஓர் உதாரணம். அமெரிக்காவின் சியாட்டில் பக்கம் மழை பெய்ததும் ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்கள் செத்து மிதந்தன. டயர் தேய்மானத்தில் உருவாகும் ஒரு வேதிப்பொருள்தான் காரணம் என்று 2020ல் கண்டுபிடித்தார்கள். ஆனால் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, கொல்வது எது என்று தெரியாமலே, அதே சாலை நீரை மணலும் மட்கும் கலந்த மண் வழியே இறக்கி மீன்களை விட்டுப் பார்த்திருந்தார்கள். மீன்கள் பிழைத்தன.

கல்வாழை, வெட்டிவேர், கோரை நம் ஊரில் நன்றாகப் பிடிக்கும். செடி செழிக்க வேண்டும் என்று ஆட்டு எருவை அள்ளிப் போடாதீர்கள். எருவிலிருந்து நைட்ரேட்டும் பாஸ்பரஸும் கரைந்து வடிகட்டிய நீரோடு வெளியேறும். உள்ளே வந்த நீரைவிட வெளியே போவது மோசமாக இருக்கும்.

அறிகுறி: குட்டை பச்சையாகிறது

உரச்சத்து அதிகம். சாக்கடை கலக்கிறதா என்று முதல் அறிகுறிக்குத் திரும்பிப் போங்கள். இல்லையென்றால் புல்தரைக்குப் போடும் உரத்தை மழைக்கு முந்தின வாரம் நிறுத்துங்கள். பாசியைக் கொல்ல மருந்து ஊற்றுவது வேண்டாம். செத்த பாசி அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும், மீன் மிதக்கும்.

அறிகுறி: எல்லாம் சுத்தமாக இருக்கிறது, சந்தேகப்படும் அளவுக்கு

வண்டல் குழியில் வண்டல் இல்லை, மணல் வெள்ளையாக இருக்கிறது, செடிப் பள்ளம் காய்ந்து கிடக்கிறது. இதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுத்தான் ஒரு வருடத்தை வீணாக்கினேன். தண்ணீர் உள்ளேயே வரவில்லை. தெருவுக்குப் புதிதாகத் தார் போட்டபோது பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டதில் மட்டம் மாறி, மழைநீர் எங்கள் குழிகளுக்குள் நீர் நுழையும் வாய்களைத் தொடாமல் வளைந்து தெருக்கோடி வடிகாலுக்குப் போய்க்கொண்டிருந்தது. புரட்டாசி முடிவதற்குள், காய்ந்த ஒரு நாளில், ஒரு பக்கெட் தண்ணீரை எடுத்துப்போய் நீர் வர வேண்டிய மேட்டில் ஊற்றுங்கள். அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கூடவே நடந்து பாருங்கள். எங்களுக்கு மூன்று பக்கெட் ஆனது, அப்புறம் அந்த நுழைவாய் ஓரமாக இரண்டு அங்குலம் செதுக்கினோம். அடுத்த மழையில் வண்டல் குழி கால்வாசி நிரம்பியது.